முதுநிலைச் சேர்க்கைக்கான ஆங்கில இலக்கண, சொல்வளத் தேர்வு: வினாத்தாள் தயாரிப்போருக்கான முழுமையான வழிகாட்டி

முதுநிலை வகுப்புக்கு மாணவர்களைச் சேர்க்கத் துறை அளவில் ஆங்கிலத் தேர்வு ஒன்றை நடத்த வேண்டும் என்று சொல்லப்பட்டதும், பெரும்பாலான இளம் ஆசிரியர்கள் ஓர் இலக்கணக் கையேட்டையும் பழைய வினாத்தாள்கள் சிலவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு வினா எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். வினா எழுதுவது இந்த வேலையில் ஐந்தாவது படி. அதற்கு முந்தைய நான்கையும் தாண்டிக் குதித்தால் மனப்பாடம் செய்தவருக்கே மதிப்பெண் போகும். நன்றாகப் படிக்கத் தெரிந்த மாணவர் இரண்டு விடைகளுக்கு நடுவே குழம்பி நிற்பார்.

கீழே வரும் முறை, 50 வினாக்களும் ஒரு மணி நேரமும் கொண்ட, நான்கு விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வகைத் தேர்வுக்கு உரியது. வினாக்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும்; இங்கே மாதிரிகளை ஒலிபெயர்த்தோ பொருளைத் தமிழில் சொல்லியோ தருகிறேன்.

தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

குறைந்தது ஆறு வார அவகாசம் வேண்டும். மூன்று ஆசிரியர்கள் வேண்டும். இருவர் வினா எழுதுவார்கள், மூன்றாமவர் எழுதாமல் சரிபார்க்க மட்டுமே இருப்பார். எழுதியவரே சரிபார்த்தால் பிழை கண்ணில் படாது, ஏனெனில் தான் என்ன கேட்க நினைத்தோம் என்பது அவருக்குத் தெரியும்.

வேறொரு கல்லூரியில் இளநிலை இறுதியாண்டு படிக்கும் 50 அல்லது 60 மாணவர்கள் முன்னோட்டத் தேர்வு எழுத முன்வர வேண்டும். அவர்கள் உங்கள் துறைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களாக இருக்கக் கூடாது. இதற்கான அனுமதிக் கடிதத்தை முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு கேட்டால் அந்தக் கல்லூரியில் பருவத் தேர்வு தொடங்கியிருக்கும். இவை தவிர, ஆங்கிலம் கற்போருக்காகத் தயாரிக்கப்பட்ட நல்ல அகராதி ஒன்றும், எக்செல் போன்ற கணக்கீட்டு மென்பொருளும் போதும்.

1. மதிப்பெண்ணை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள்

மூன்று பயன்கள் உண்டு. மூன்றுக்கும் ஒரே வினாத்தாள் பொருந்தாது. விண்ணப்பித்தவர்களைத் தரவரிசைப்படுத்துவது ஒன்று. வகுப்பைப் பின்தொடர முடியாத அளவுக்கு ஆங்கிலம் குறைந்தவரை மட்டும் இனங்காண்பது மற்றொன்று. சேர்ந்த பிறகு யாருக்கு இணைப்புப் பயிற்சி தேவை என்று அறிவது மூன்றாவது.

தரவரிசைக்கு, சராசரி மாணவர் ஏறத்தாழப் பாதியளவு சரியாக எழுதக்கூடிய வினாக்கள் வேண்டும், ஏனெனில் அப்போதுதான் மதிப்பெண்கள் பரந்து விழும். தகுதி காண மட்டுமே என்றால், தேர்ச்சிக் கோட்டை ஒட்டிய எளிய வினாக்களே மிகுதியாக இருக்க வேண்டும். கடினமான வினாக்கள் அங்கே வீண். பயிற்சிக்கு அனுப்பத்தான் என்றால் இலக்கணத்துக்கும் சொல்வளத்துக்கும் தனித்தனி மதிப்பெண் தேவைப்படும்.

பொறியியல் முதுநிலைக்கான கேட் தேர்வில் பொதுத்திறன் பகுதிக்கு 100 மதிப்பெண்ணில் 15 மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளது. ஆங்கிலம் அந்தப் பதினைந்துக்குள்ளும் ஒரு பங்குதான். அங்கே ஆங்கில வினாக்கள் எளிமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றை அப்படியே எடுத்து, ஆங்கிலத்தை மட்டுமே அளக்கும் தேர்வில் வைக்கிறவர்கள், முதல் நூறு பேருக்கு ஒரே மதிப்பெண் வந்துவிட்டதே என்று பிறகு கையைப் பிசைகிறார்கள்.

2. மாணவர் படிக்கப்போகும் பக்கங்களைச் சேகரியுங்கள்

முதல் பருவப் பாடநூல்கள், ஆய்வகக் கையேடு, ஆசிரியர்கள் படிக்கச் சொல்லும் ஆய்வுக் கட்டுரைகள், பழைய பருவத் தேர்வு வினாத்தாள்கள் ஆகியவற்றிலிருந்து 20 பக்கங்களை நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பென்சிலுடன் உட்கார்ந்து, ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எந்த இலக்கண அமைப்பு தெரிந்திருக்க வேண்டும் என்று ஓரத்தில் குறியுங்கள்.

இதைச் செய்து பார்த்தவர்கள் வியப்படைவது வழக்கம். பள்ளி இலக்கணத்தில் பெரிய இடம் பிடித்துக்கொண்டிருக்கும் வினா ஒட்டுகளும், நேர்கூற்று அயற்கூற்று மாற்றமும், ஒப்பீட்டுப் படிகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதும் அந்தப் பக்கங்களில் அநேகமாக இருக்காது. அங்கே திரும்பத் திரும்ப வருபவை வேறு: எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே பத்துச் சொற்கள் நுழைந்துகொண்ட வாக்கியங்கள், செயப்பாட்டு வினை, தொடர்புக் கிளைவாக்கியங்கள், ஒரு முடிவை அடக்கமாகச் சொல்ல உதவும் துணைவினைகள், காரணத்தையும் முரணையும் காட்டும் இணைப்புச் சொற்கள். எந்த அமைப்பு எத்தனை முறை வந்தது என்று எண்ணி ஒரு பட்டியல் தயாரியுங்கள்.

3. புளூபிரிண்ட் போடுங்கள்

பட்டியல் கையில் இருந்தால் இது அரை மணி நேர வேலை. இலக்கணத்துக்கு 20, சொல்வளத்துக்கு 20, இரண்டு சிறு பத்திகளைப் படித்து அவற்றிலுள்ள சொல்லுக்கும் அமைப்புக்கும் விடையளிக்க 10 என்று பிரிக்கலாம். இலக்கணத்தின் 20 வினாக்களை, நீங்கள் எண்ணிய எண்ணிக்கையின் விகிதத்தில் அமைப்புகளுக்குப் பங்கிடுங்கள்.

நேரத்தையும் இப்போதே கணக்கிட வேண்டும். இலக்கண வினாவுக்கு 45 நொடி, சொல்வள வினாவுக்கு 50 நொடி, பத்தி ஒன்றுக்கு வினாக்களோடு சேர்த்து 10 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 52 நிமிடம் ஆகிறது. மீதி 8 நிமிடம் ஓஎம்ஆர் தாளில் வட்டமிடுவதற்கும் திரும்பிப் பார்ப்பதற்கும் வேண்டும். இந்த மிச்சத்தை வைக்காவிட்டால் உங்கள் தேர்வு ஆங்கிலத்தோடு வேகத்தையும் சேர்த்து அளக்கும்.

தேவையானதைப் போல் ஒன்றரை மடங்கு வினாக்களை எழுதத் திட்டமிடுங்கள். 50 வேண்டுமென்றால் 75 எழுத வேண்டும். மூன்றில் ஒன்று கழிந்துபோகும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால்தான், மோசமான வினாவைத் தூக்கியெறிய மனம் வரும்.

4. சோதிக்கப்போகும் சொற்களைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் மிகுதியாகச் சறுக்கும் இடம் இது. யாரும் கேள்விப்படாத சொல்லைக் கேட்டால் தேர்வு தரமானது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அப்படிப்பட்ட சொல்லை அறிந்திருப்பது, அந்த ஒரு பட்டியலை மாணவர் மனப்பாடம் செய்திருக்கிறார் என்பதை மட்டுமே காட்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைச் சேர்க்கைக்கு எழுதப்படும் ஜிஆர்ஈ தேர்வில் நெடுங்காலம் இருந்த, தனிச்சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்கும் வினாக்களும் சொல் இணை ஒப்புமை வினாக்களும் 2011இல் நீக்கப்பட்டன. சொல்லை வாக்கியத்துக்குள் வைத்துக் கேட்கும் வினாக்கள்தான் அங்கே எஞ்சின.

ஆங்கிலச் சொற்களை மூன்று அடுக்காக வைத்துப் பாருங்கள். அடித்தட்டில் அன்றாடம் புழங்கும் ஏறத்தாழ 2,000 சொற்கள். மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பட்டியல் இந்த அடுக்கைத்தான் தொகுத்தது. அதற்கு மேல், எல்லாத் துறைகளின் கல்வி நூல்களிலும் பொதுவாக வரும் சொற்கள். அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்களாக, அதாவது ஒரே அடிச்சொல்லிலிருந்து கிளைக்கும் சொற்களின் தொகுதிகளாக, இவற்றைப் பட்டியலிட்டார். மூன்றாவது, அந்தந்தத் துறைக்கே உரிய கலைச்சொற்கள்.

நீங்கள் சோதிக்க வேண்டியது நடு அடுக்கு. அடித்தட்டுச் சொற்கள் பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால் அவை ஆட்களைப் பிரித்துக் காட்டாது. கலைச்சொற்களையோ மாணவர் பாடத்தோடு சேர்த்தே கற்றிருப்பார். வேதியியல் மாணவரிடம் டைட்ரேஷன் என்றால் என்ன என்று கேட்பது வேதியியல் வினாதான். காக்ஸ்ஹெட் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை நீங்கள் சேகரித்த 20 பக்கங்களோடு ஒப்பிட்டு, இரண்டிலும் இருக்கும் சொற்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். பட்டியலில் இல்லாத சொல்லானாலும், உங்கள் பக்கங்களில் இரண்டு மூன்று இடங்களில் தென்பட்டு, எந்தத் துறையையும் சாராததாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

5. இலக்கண வினாக்களை எழுதுங்கள்

ஒரு வினா ஓர் அமைப்பை மட்டுமே சோதிக்க வேண்டும். இலக்கண வினாவில் அடித்தட்டுச் சொற்களையே பயன்படுத்துங்கள். வாக்கியத்தில் கடினமான சொல் ஒன்று வந்துவிட்டால், தவறு செய்த மாணவருக்கு இலக்கணம் தெரியவில்லையா, சொல் தெரியவில்லையா என்று உங்களால் சொல்ல முடியாது.

எழுவாய்–பயனிலை இயைபை எடுத்துக்கொள்வோம். "ஈச் ஆஃப் தி பாய்ஸ்" என்று தொடங்கும் வினாவை எட்டாம் வகுப்பிலிருந்தே மாணவர்கள் பார்த்து வருகிறார்கள். "ஈச் வந்தால் ஒருமை" என்ற சூத்திரம் மட்டும் நினைவிருந்தால் போதும். இதற்குப் பதிலாகப் பின்வரும் வாக்கியத்தைப் பாருங்கள்: "தி குவாலிட்டி ஆஃப் தி சாம்பிள்ஸ் டேக்கன் ஃப்ரம் தி டூ ரிவர்ஸ் ____ நாட் பீன் டெஸ்டட்." விடைகள்: அ. ஹேஸ், ஆ. ஹேவ், இ. வாஸ், ஈ. வேர்.

வாக்கியத்தின் தலைச்சொல் "குவாலிட்டி" என்று கண்டுபிடித்தவர் "ஹேஸ்" எழுதுவார். கோடிட்ட இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் "ரிவர்ஸ்" என்ற பன்மையைப் பார்த்து ஏமாறுபவர் "ஹேவ்" எழுதுவார். "பீன்" என்ற சொல்லுக்கு முன் எது வரலாம் என்று அறியாதவர் மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்வார். ஒவ்வொரு தவறான விடையும் ஒவ்வொரு வகைத் தடுமாற்றத்தைக் காட்டுகிறது. இப்படி அமைந்த வினாவுக்குத்தான் ஒரு மதிப்பெண்ணை ஒதுக்கலாம்.

இன்னொரு மாதிரி: "____ தி சாம்பிள் வாஸ் ஸ்மால், தி ரிசல்ட்ஸ் வேர் கிளியர்." விடைகள்: ஆல்தோ, டிஸ்பைட், ஹவ்எவர், பட். பொருளை மட்டும் பார்ப்பவருக்கு நான்குமே முரணைக் காட்டும் சொற்கள்தான். பின்னால் வருவது வினையோடு கூடிய கிளைவாக்கியம் என்று காண்பவரே "ஆல்தோ" என்பதைத் தேர்வார். "டிஸ்பைட்" இங்கே மிகப் பலரை இழுக்கும், இழுக்கவும் வேண்டும்.

அறிஞர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கும் இடங்களுக்குள் நுழையாதீர்கள். "டேட்டா" ஒருமையா பன்மையா, "கமிட்டி" என்பதற்கு எந்த வினை, "நன் ஆஃப் தெம்" என்பதற்குப் பின் "ஈஸ்" வருமா "ஆர்" வருமா, "டிஃபரண்ட்" என்பதற்குப் பின் எந்த முன்னிடைச்சொல் என்பவற்றில் பிரிட்டிஷ் வழக்கும் அமெரிக்க வழக்கும் மாறுபடும். அல்லது இரண்டு வடிவங்களையுமே அகராதிகள் ஏற்கும். நன்றாகப் படித்த மாணவரே இங்கே தயங்குவார், ஏனெனில் இரண்டையும் அவர் அச்சில் பார்த்திருக்கிறார். "ப்ரீபோன்" போன்ற இந்திய ஆங்கில வழக்குகளையும் விட்டுவிடுங்கள். அவற்றைத் தவறு என்று தண்டிப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அது வேறு விவாதம் என்றாலும்.

6. சொல்வள வினாக்களை எழுதுங்கள்

வாக்கியத்தில் விடைக்கான துப்பு இருந்தே ஆக வேண்டும். "மரங்கள் வெப்பத்தை ____" என்று மட்டும் எழுதினால் ஏறக்குறைய எந்த வினைச்சொல்லையும் அங்கே நிரப்பலாம். "சாலையோரம் நட்ட மரங்களால் கோடை வெப்பத்தைப் போக்க முடியவில்லை; ஆனால் அவை அதை ஓரளவு ____" என்று ஆங்கிலத்தில் எழுதினால், முற்றிலும் போக்குவதற்கும் ஒன்றும் செய்யாதிருப்பதற்கும் இடைப்பட்ட ஒரு வினை தேவை என்பது வாக்கியத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது. அங்கே "மிட்டிகேட்டட்" பொருந்தும்.

துப்பு அளவு மீறவும் கூடாது. "ஓரளவு" என்பதற்கு அடுத்து "அதாவது, கொஞ்சம் குறைத்தன" என்று விளக்கமும் சேர்த்துவிட்டால் அது சொல்வள வினாவாக இராது.

வாக்கியத்தின் மற்ற சொற்கள் எல்லாம், சோதிக்கும் சொல்லைவிட எளியவையாக இருக்க வேண்டும். விடைச் சொல்லைவிடக் கடினமான சொல் வினா வாக்கியத்திலேயே கிடப்பதைப் பல வினாத்தாள்களில் காணலாம். அகராதியிலுள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். பயிற்சி மையங்கள் அவற்றைத்தான் முதலில் அச்சிட்டுக் கொடுக்கின்றன.

7. தவறான விடைகளை அமையுங்கள்

ஒரு வினாவுக்குச் செலவாகும் நேரத்தில் முக்கால் பங்கு இதற்கே போக வேண்டும். சரியான விடையை எழுதிவிட்டு, மீதி மூன்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பும் பழக்கம்தான் தேர்வுகளைக் கெடுக்கிறது. ஒருவரும் தொடாத தவறான விடை இரண்டு இருந்தால், நான்கு விடை வினா என்று சொல்லிக்கொண்டாலும் அது இரண்டு விடை வினாவே. குருட்டாம்போக்கில் சரியாகும் வாய்ப்பு 25 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்ந்துவிடும்.

இலக்கணத்துக்கான தவறான விடைகளை மாணவர்களின் எழுத்திலிருந்தே எடுங்கள். முந்தைய ஆண்டு மாணவர்களின் விடைத்தாள்களைப் புரட்டினால் "டிஸ்கஸ் எபவுட்", "எம்ஃபசைஸ் ஆன்", "ரிடர்ன் பேக்", "ஆல்தோ" என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் மறுபடி ஒரு "பட்" என்று வேண்டிய மட்டும் கிடைக்கும். தமிழில் "எ", "ஆன்", "தி" போன்ற சுட்டுச் சொற்கள் இல்லாததால் அவை விடுபடும் இடங்களும் நல்ல கச்சாப்பொருள். உங்கள் கற்பனையில் உதிக்கும் தவறை மாணவர் எவரும் செய்யமாட்டார்.

சொல்வளத்துக்கு மூன்று தவறான விடைகளையும் மூன்று திசையிலிருந்து கொண்டுவரலாம். மேலே சொன்ன வினாவில், எதிர்ப்பொருள் தரும் "அக்ரவேட்டட்" ஒன்று. வடிவத்தால் ஏமாற்றும் "இமிடேட்டட்" ஒன்று. ஈற்றொலி ஒத்த கல்விச்சொல் "இன்வெஸ்டிகேட்டட்" ஒன்று. நான்கும் ஒரே சொல்வகை, ஒரே கால வடிவம், ஏறத்தாழ ஒரே நீளம். இவற்றுக்கு நடுவே "ரெட்யூஸ்ட்" என்று ஒன்றை வைத்தால் சரியான விடை இரண்டாகிவிடும். கவனமாக எழுதுபவர்கூட இதைச் செய்துவிடுவது உண்டு, ஏனெனில் மனத்தில் சொல்லின் பொருளே ஓடிக்கொண்டிருக்கும்போது முதலில் தோன்றுவது அதன் ஒத்தசொல்தான். ஒவ்வொரு தவறான விடையையும் வாக்கியத்தில் வைத்து உரக்கப் படித்துப் பாருங்கள். "இதுவும் பொருந்துமோ" என்று ஒரு கணம் தயங்கினாலும் மாற்றிவிடுங்கள்.

மாணவர்கள் ஆங்கிலம் தெரியாமலேயே விடை கண்டுபிடிக்கும் குறுக்குவழிகளையும் அடைக்க வேண்டும். கோடிட்ட இடத்துக்கு முன் "ஆன்" என்று இருந்தால் உயிரொலியில் தொடங்கும் விடையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்; அந்தச் சுட்டுச் சொல்லையும் விடைக்குள் சேர்த்துவிடுங்கள். சரியான விடை மட்டும் நீளமாக இருப்பது அடுத்த துப்பு. "மேற்கண்ட அனைத்தும்" என்ற விடையை மொழித் தேர்வில் அறவே தவிர்க்கலாம்.

8. விடைக்குறிப்பில்லாமல் சக ஆசிரியரை எழுதச் சொல்லுங்கள்

மூன்றாவது ஆசிரியர் 75 வினாக்களுக்கும் விடைக்குறிப்பைப் பார்க்காமல் ஒரே அமர்வில் விடை எழுத வேண்டும். விடைக்குறிப்போடு கொடுத்துச் "சரியா பாருங்கள்" என்றால் எல்லாம் சரியாகவே தெரியும்.

அவர் விடை உங்கள் விடையோடு மாறுபட்டால் வாதாடாதீர்கள். துறை ஆசிரியர் ஒருவருக்கு ஒரு நியாயம் தோன்றியிருக்கிறது என்றால், மாணவர்களில் பத்துப் பேருக்கு அது தோன்றும். திருத்த முடிந்தால் திருத்துங்கள், இல்லாவிட்டால் நீக்குங்கள். ஆங்கிலத் துறையைச் சாராத, ஆங்கிலத்தில் தேர்ந்த ஒருவரும் எழுதிப் பார்த்தால் இன்னும் நல்லது. இலக்கணப் புத்தகத்தைக் கொண்டு மட்டுமே விடையளிக்கக்கூடிய வினாக்கள் அவரிடம் அம்பலமாகிவிடும்.

9. முன்னோட்டத் தேர்வு நடத்தி ஒவ்வொரு வினாவையும் கணக்கிடுங்கள்

வினாக்கள் வெளியே போகாமலிருக்க, அவற்றை இரண்டு தாள்களாகப் பிரித்து எண்ணிட்டுக் கொடுத்து, எண்ணியே திரும்ப வாங்குங்கள். பிறகு ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டு எண்கள் தேவை.

முதலாவது கடினத்தன்மைக் குறியீடு: சரியாக எழுதியவர் எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் போதும். 60 பேரில் 34 பேர் சரி என்றால் 0.57. தரவரிசைத் தேர்வுக்கு 0.3 முதல் 0.8 வரை உள்ளவற்றை வைத்துக்கொள்ளலாம். குறியீட்டின் பெயர் கடினத்தன்மை என்றாலும் எண் கூடக்கூட வினா எளிது என்று பொருள். இதைத் தலைகீழாகப் படித்து நல்ல வினாக்களை நீக்குபவர்கள் உண்டு.

இரண்டாவது வேறுபடுத்தும் குறியீடு: திறமையானவரையும் அல்லாதவரையும் ஒரு வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பது. மாணவர்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலிருந்து 27 விழுக்காட்டினரையும் கீழிருந்து 27 விழுக்காட்டினரையும் எடுங்கள். ட்ரூமன் கெல்லி 1939இல் பரிந்துரைத்த விகிதம் இது. 60 பேர் என்றால் ஒவ்வொரு குழுவிலும் 16 பேர். மேல் குழுவில் 13 பேரும் கீழ்க் குழுவில் 5 பேரும் ஒரு வினாவைச் சரியாக எழுதியிருந்தால், வேறுபாடு 8. அதை 16ஆல் வகுத்தால் 0.5. இது மிக நல்ல வினா. 0.3க்கு மேல் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், 0.2க்குக் கீழ் என்றால் திருத்தி எழுத வேண்டும்.

கழித்தல் குறியோடு எண் வந்தால் அந்த வினாவை உடனே எடுத்துப் பாருங்கள். மேல் குழுவில் 7 பேரும் கீழ்க் குழுவில் 9 பேரும் சரியாக எழுதியிருக்கிறார்கள், மேல் குழுவில் 8 பேர் "இ" என்ற ஒரே தவறான விடையில் குவிந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விடைக்குறிப்பு தவறாக இருக்க வேண்டும், அல்லது "இ"யும் சரியான விடையாக இருக்க வேண்டும். திறமையான எட்டுப் பேரும் ஒரே திசையில் தவறு செய்வது அரிது.

தவறான விடைகளையும் எண்ணுங்கள். மொத்த மாணவர்களில் 5 விழுக்காட்டினர்கூடத் தொடாத விடை எந்த வேலையும் செய்யவில்லை, அதை மாற்றுங்கள். 30 பேர் மட்டுமே எழுதிய முன்னோட்டம் என்றால் தசமப் புள்ளிகளை நம்பி எதையும் நீக்காதீர்கள். அப்போது இந்த எண்கள் சந்தேகத்துக்குரிய வினாவைச் சுட்டிக்காட்ட மட்டுமே உதவும்.

10. வினாத்தாளைத் தொகுங்கள்

எஞ்சியவற்றிலிருந்து புளூபிரிண்ட்படி 50ஐ எடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் எளியதிலிருந்து கடினமானதற்கு அடுக்குங்கள். முதல் வினாவே கடினமாக இருந்தால், நடுத்தர மாணவர் அதிலேயே நான்கு நிமிடத்தைத் தொலைத்துவிடுவார். அ, ஆ, இ, ஈ ஆகிய ஒவ்வொன்றும் 12 அல்லது 13 முறை சரியான விடையாக வரட்டும். நம் கை இயல்பாக நடுவிலுள்ள இரண்டு இடங்களில்தான் விடையை ஒளித்து வைக்கும்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கலாமா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டும். நான்கு விடைகள் கொண்ட வினாவில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணைக் குறைத்தால், குருட்டு ஊகத்தால் சராசரியாகக் கிடைப்பது பூஜ்யம். கேட் தேர்வில் ஒரு மதிப்பெண் கொள்குறி வினாக்களுக்கு இந்த விகிதம்தான் உள்ளது. துறை அளவிலான மொழித் தேர்வுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. ஓரளவு தெரிந்திருந்தும் துணியாத மாணவர் வினாவை விட்டுவிடுகிறார், துணிந்தவர் எழுதிவிடுகிறார், அளக்கப்படுவது பாதி துணிச்சல். குறைப்பு இல்லையென்றால் "எல்லா வினாக்களுக்கும் விடையளியுங்கள், தவறுக்கு மதிப்பெண் குறைக்கப்படாது" என்று முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள்.

அச்சுப்படியை ஒருமுறை வரி வரியாகப் பாருங்கள். கோப்பை வேறு கணினியில் திறக்கும்போது அடிக்கோடுகள் காணாமற்போவது வழக்கம். கோடிட்ட சொல்லின் பொருள் கேட்கும் வினாவில் கோடே இல்லையென்றால் எதைக் கேட்கிறீர்கள் என்று எவருக்கும் தெரியாது.

11. தேர்வு முடிந்த பிறகு

விடைக்குறிப்பை வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்க மூன்று நாள் கொடுங்கள். ஆட்சேபம் சரியென்று தெரிந்தால், இரண்டு விடைகள் பொருந்தும் வினாவுக்கு இரண்டையும் ஏற்றுக்கொள்ளலாம். எந்த விடையும் பொருந்தாத வினாவை மொத்தத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் கருணையாகக் கொடுப்பதும் தரவரிசையைப் பொறுத்தவரை நீக்குவதற்குச் சமம்தான். ஆனால் தேர்ச்சி மதிப்பெண் வைத்திருக்கும் தேர்வில் அது கோட்டுக்கு அருகில் நிற்பவர்களை மேலே தூக்கிவிடும் என்பதைக் கவனியுங்கள்.

தேர்ச்சிக் கோட்டை எங்கே போடுவது? மதிப்பெண் குறைப்பு இல்லாத 50 வினாத் தேர்வில், ஒரு வரியும் படிக்காமல் வட்டமிட்டாலே சராசரியாக 12 அல்லது 13 வரும். அதிர்ஷ்டத்தால் இரண்டு பக்கமும் மூன்று மதிப்பெண் வரை நகர்வது சாதாரணம், கொஞ்சம் பேருக்கு 18 வரைகூடப் போகும். ஆகவே 15ஐத் தகுதி மதிப்பெண்ணாக வைப்பது கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். 20க்கு மேல் எங்கே போடலாம் என்பதை, வகுப்பைப் பின்தொடரக் குறைந்தபட்சம் எந்தெந்த வினாக்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்று மூன்று ஆசிரியர்களும் தனித்தனியே குறித்து, சராசரி எடுத்து முடிவு செய்யுங்கள்.

ஒரு மதிப்பெண் வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கூடர், ரிச்சர்ட்சன் ஆகியோர் 1937இல் தந்த கே.ஆர்.-20 சூத்திரப்படி உங்கள் தேர்வின் நம்பகத்தன்மை (மதிப்பெண்கள் எவ்வளவு நிலையானவை என்பது; முழுமையானால் 1) 0.84 என்றும், மதிப்பெண்களின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி அவை பரவியிருக்கும் அளவு) 8 என்றும் வந்தால், ஒரு மாணவரின் மதிப்பெண்ணில் இருக்கும் அளவீட்டுப் பிழை ஏறத்தாழ 3.2. அப்படியானால் 31 பெற்றவரும் 33 பெற்றவரும் ஆங்கிலத்தில் வேறுபட்டவர்கள் என்று சொல்ல இந்தத் தேர்வில் ஆதாரம் இல்லை. கடைசி இடங்களுக்கு இளநிலை மதிப்பெண்ணையோ நேர்காணலையோ சேர்த்துப் பார்க்கும் விதியைத் தேர்வு அறிவிப்பிலேயே எழுதிவிட்டால், பிறகு வரும் சண்டைகள் குறையும்.

கடைசியாக, 60 பேர் முன்னோட்டத்தில் கிடைத்த எண்களைவிட உண்மைத் தேர்வில் கிடைக்கும் எண்கள் நம்பத்தக்கவை என்பதால், ஒன்பதாம் படியின் கணக்கை எல்லா வினாக்களுக்கும் மறுபடி செய்யுங்கள். வினா, விடை, சோதித்த அமைப்பு அல்லது சொல், இரண்டு குறியீடுகள், பயன்படுத்திய ஆண்டு ஆகியவற்றை ஒரே கோப்பில் வரிசைக்கு ஒன்றாக ஏற்றி, கடவுச்சொல்லிட்டுத் துறைத் தலைவரிடம் ஒப்படையுங்கள். வினாத்தாளை மாணவர்கள் எடுத்துச் செல்ல அனுமதித்திருந்தால் அந்த வினாக்களை அடுத்த ஆண்டு தொடக் கூடாது. திரும்ப வாங்கியிருந்தால், 0.4க்கு மேல் வேறுபடுத்திய வினாக்களில் பத்தை மட்டும் இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் வைக்கலாம். இரண்டு ஆண்டுகளில் விண்ணப்பித்த மாணவர்களின் தரத்தை ஒப்பிட அந்தப் பத்து வினாக்களே அளவுகோலாகும்.